செவப்பா தெரிஞ்சா செத்துப் போச்சுன்னு கொட்டிராதீங்க: மரச்சீனி, க்ளாஸ்ட்ரிடியம், என் எம்ஃபில்

க்ளாஸ்ட்ரிடியம்ங்கற பாக்டீரியாவ வச்சு அசிட்டோன், பியூட்டனால் ஃபெர்மென்டேஷன் பண்றவங்களுக்காக இத எழுதுறேன், அதுலயும் சின்ன காலேஜ்ல பெரிய மெஷின் எதுவும் இல்லாம ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைங்களுக்காக. செல்லு உயிரோட இருக்கா செத்துப் போச்சான்னு பாக்க ஃப்ளோரசன்ட் டை போடுவோம்ல, பச்சையா தெரிஞ்சா உயிரு, செவப்பா தெரிஞ்சா செத்தது, இப்படித்தான் நமக்கு க்ளாஸ்ல சொல்லித் தந்திருக்காங்க. நல்லா வளர்ந்துட்டு இருக்க க்ளாஸ்ட்ரிடியமும் செவப்பா தெரியும்னு எனக்கு யாரும் சொல்லல. அதனால நல்லா இருந்த கல்ச்சர (பாட்டில்ல வளர்த்த பாக்டீரியாவ) திரும்பத் திரும்ப கொட்டினோம், எம்ஃபில்ல ஒரு செமஸ்டர் முழுசா போச்சு, அம்மா மகளிர் குழுவுல லோன் எடுத்து தந்த காசு போச்சு. முன்னாடியே ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது, அதான் நான் சொல்லிறலாம்னு.

இது 2017ல. எங்க வீடு மார்த்தாண்டம் பக்கம். எங்க பக்கம் மரச்சீனி கெழங்கு இல்லாத வீடு கிடையாது, பழைய திருவிதாங்கூர் நாடு முழுக்க பஞ்சத்துக்கு பசியாத்தின கெழங்கு அது, இன்னைக்கும் மீன்கறியோட கெழங்குதான் எங்களுக்கு சாப்பாடு. வெல இல்லாத நேரத்துல பறிக்கிற கூலிக்கு கூட கட்டாதுன்னு கெழங்கு அப்படியே மண்ணுல கெடக்கும், அத பாத்து வந்த யோசனதான் ப்ராஜெக்ட். மரச்சீனி மாவ க்ளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கத்துக்கு குடுத்து பியூட்டனால் எடுக்குறது. இந்த பாக்டீரியாகிட்ட ஸ்டார்ச்ச ஒடைக்கிற என்சைம் சொந்தமாவே இருக்கு, ஈஸ்ட்டுக்கு பண்ற மாதிரி மாவ முதல்ல சர்க்கரையாக்கி தர வேண்டியதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். முதல் உலகப்போர் சமயத்துல கைம் வைஸ்மன் இங்கிலாந்துல இதே முறையிலதான் தானிய மாவுல இருந்து அசிட்டோன் எடுத்தாரு, வெடிமருந்து செய்ய அன்னைக்கு அசிட்டோன் தேவைப்பட்டது, அதோட சேந்து வந்த பியூட்டனால் அப்ப பெருசா யாருக்கும் வேண்டாம். இப்ப நமக்கு வேண்டியது அந்த பியூட்டனால்தான், பெட்ரோலோட கலக்க எத்தனாலவிட நல்ல பொருள்.

இந்த ஃபெர்மென்டேஷன் ரெண்டு கட்டமா நடக்கும், அத சொல்லிட்டாதான் மத்தது புரியும். முதல் கட்டத்துல செல்லு வேகமா பெருகும், அசிட்டிக் ஆசிட், பியூட்டிரிக் ஆசிட் ரெண்டையும் வெளிய விடும், பிஎச் ஆறுக்கு மேல இருந்து அஞ்சுக்கும் கீழ எறங்கும், லேப் முழுக்க கெட்டுப்போன வெண்ண நாத்தம் அடிக்கும். அப்பறம் செல்லு தன் போக்க மாத்தி அந்த ஆசிட்டயே திரும்ப உள்ள இழுத்து அசிட்டோன், பியூட்டனால், எத்தனாலா மாத்தும், கிட்டத்தட்ட 3:6:1 கணக்குல. பிஎச் கொஞ்சம் ஏறும். செல்லு தடிச்சு சுருட்டு மாதிரி ஆகும், உள்ள கிரானுலோஸ்னு ஒரு மாவுப்பொருள சேத்து வைக்கும், கடைசில ஸ்போர் ஆகும், அதாவது கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்குற விதை மாதிரி. பியூட்டனால் லிட்டருக்கு 12, 13 கிராம் வரும்போது அதுவே செல்லோட மெம்பிரேன, அதாவது மேல் சவ்வ, கரைச்சு கொன்னுரும். சில நேரம் ஆசிட் ரொம்ப வேகமா ஏறி செல்லு மாறவே முடியாம நின்னுரும், அதுக்கு பேரு ஆசிட் க்ராஷ். ஆக எந்த நேரத்துல செல்லு எந்த நெலமையில இருக்குன்னு தெரியாம இந்த வேலைய நடத்த முடியாது.

அத எப்படி தெரிஞ்சுக்குறது? ஓடி (ஆப்டிகல் டென்சிட்டி, கலங்கல் எவ்வளவுன்னு ஒளிய வச்சு அளக்குறது) பாக்கலாம்னா மரச்சீனி மாவு கலந்த மீடியம் கஞ்சி மாதிரி கலங்கி கெடக்கும், அதுல ஓடி பாத்தா மாவத்தான் அளக்கணும். தெளிஞ்ச மீடியமா இருந்தாலும் ஓடிக்கு உயிருள்ளது, செத்தது, ஸ்போர் எல்லாம் ஒண்ணுதான். பிளேட்ல போட்டு எண்ணலாம்னா இது ஆக்ஸிஜன் பட்டா தாங்காது, எங்ககிட்ட அனரோபிக் சேம்பர் (ஆக்ஸிஜன் இல்லாத பெட்டி) கிடையாது, ஜார்ல வச்சு காலனி வர்றதுக்குள்ள ஃபெர்மென்டேஷனே முடிஞ்சுரும். பியூட்டனால் எவ்வளவுன்னு அளக்குற ஜிசிக்கு (கேஸ் குரோமடோகிராஃபி) சாம்பிள் வெளியூர் அனுப்பணும், ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனித்தனியா காசு, ரிசல்ட் வர வாரக்கணக்காகும். ஜிஎஃப்பி மாதிரி ஒளிர்ற புரோட்டீன் வச்சுப் பாக்கவும் வழியில்ல, அது ஒளிரணும்னாலே ஆக்ஸிஜன் வேணும். அப்பதான் என் கைடு மேடம் சொன்னாங்க டை போட்டு பாரு, அரை மணி நேரத்துல தெரிஞ்சுரும்னு. யோசன நல்ல யோசனதான், இன்னைக்கும் நான் அத குறை சொல்ல மாட்டேன்.

ரெண்டு டை. ஒண்ணு புரொபிடியம் அயோடைடு, பிஐன்னு சொல்லுவோம், மெம்பிரேன் ஓட்டையான செல்லுக்குள்ள மட்டும் போயி டிஎன்ஏல ஒட்டி செவப்பா எரியும்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு சிஎஃப்டிஏ, கார்பாக்ஸிஃப்ளோரசீன் டைஅசிட்டேட். அதுக்கு சும்மா இருக்கும்போது நெறம் இல்ல, செல்லுக்குள்ள போனதும் எஸ்ட்ரேஸ் என்சைம் அத வெட்டும், வெட்டினதும் பச்சையா எரியும், மெம்பிரேன் நல்லா இருந்தா அந்த பச்ச உள்ளயே நிக்கும். ரெண்டும் சேத்து பதினஞ்சாயிரத்துக்கு மேல ஆச்சு, டீலர் வழியா வாங்கினது. சிஎஃப்டிஏ ஐஸ்ல வரணும், வந்த பார்சல்ல ஐஸ் பேக் வெந்நி மாதிரி இருந்துச்சு, வெள்ளிக்கிழம ஏத்தி சனி ஞாயிறு முழுக்க ஏதோ கொடவுன்ல கெடந்திருக்கு. திருப்பி அனுப்ப கேட்டதுக்கு பில் போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க. அதனால ஆர்டர் போடும்போதே திங்களோ செவ்வாயோ அனுப்பணும், சூடா வந்தா மாத்தித் தரணும்னு எழுத்துல வாங்கிருங்க. வந்த உடனே ஒரு டெஸ்ட் இருக்கு, செல்லே போடாம வெறும் பஃபர்ல கொஞ்சம் சிஎஃப்டிஏ விட்டு பாருங்க, அதுவே பச்சையா பளிச்சுன்னு இருந்தா டை ஏற்கனவே ஒடஞ்சு போச்சுன்னு அர்த்தம். டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல கரைச்சு சின்னச் சின்ன ட்யூப்ல பிரிச்சு இருட்டுல மைனஸ் 20ல வைங்க, ஒரே ட்யூப திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீங்க. டிஎம்எஸ்ஓ 18 டிகிரிக்கு கீழ போனாலே கட்டியாயிரும், ஃப்ரிட்ஜ்ல கட்டியா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். பிஐ அவ்வளவு செல்லம் இல்ல, தண்ணில கரைச்சு ஃபாயில் சுத்தி 4 டிகிரில வச்சா மாசக்கணக்குல நிக்கும். ஆனா டிஎன்ஏல ஒட்டுற பொருள், க்ளவுஸ் இல்லாம தொடவே தொடாதீங்க.

எங்க காலேஜ்ல ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இல்ல. திருவனந்தபுரத்துல ஒரு ஆய்வகத்துல மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விடுவாங்க, அங்கதான் போவேன். விடியுறதுக்கு முன்ன லேப்ல போயி சாம்பிள் எடுத்து, குழித்துறைல ரயில் புடிச்சு, தெர்மோகோல் பெட்டிய மடில வச்சுட்டு போவேன். ரயில் லேட் ஆனா மைக்ரோஸ்கோப் நேரம் ஓடிட்டு இருக்கும், காசு கொறைக்க மாட்டாங்க. அங்க மெர்க்குரி விளக்கு, போட்டு சூடாக நேரம் எடுக்கும், அணைச்சா ஆறுற வரைக்கும் திரும்ப போடக் கூடாது, அந்த நேரமும் நம்ம கணக்குலதான். அந்த மாதிரி விளக்கோட ஆயுசே 200 மணி நேரம் சுமாருக்குத்தான், அதுக்கு மேல ஓடின விளக்குல வெளிச்சம் மங்கும், துடிக்கும், நம்ம செல்லு மங்கலா இருக்கா விளக்கு மங்கலா இருக்கான்னே தெரியாது. புக் பண்றதுக்கு முன்னாடி விளக்கு எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க, மெஷின்லயே மீட்டர் இருக்கும். எல்இடி விளக்கு இருக்க மைக்ரோஸ்கோப் கெடைச்சா அதையே எடுங்க.

முதல் தடவ வளர ஆரம்பிச்சு ஏழெட்டு மணி நேரம் ஆன கல்ச்சர கொண்டு போனேன். பிஐ போட்டு பாத்தா பாதிக்கு மேல செவப்பு. சில ஃபீல்ட்ல முக்காவாசி செவப்பு. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன், கல்ச்சர் செத்துப் போச்சு, ஆக்ஸிஜன் உள்ள போயிருக்கும், ஆட்டோக்ளேவ் பண்ணி கொட்டிட்டு புதுசா போடுன்னாங்க. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு, புத்தகம் அப்படித்தான் சொல்லுது. புதுசா போட்டேன். நைட்ரஜன் இன்னும் நேரம் விட்டேன், மிச்ச ஆக்ஸிஜன எடுக்குற சிஸ்டீன் கூட்டினேன், ஆக்ஸிஜன் இருந்தா ரோஸாகுற ரெசாசூரின் போட்டு நெறமில்லாம இருக்கான்னு பாத்தேன், ரோஸ் கலர் துளி கூட இல்ல, ஆக்ஸிஜன் இல்லவே இல்ல. திரும்பவும் செவப்பு. ரப்பர் கார்க் எல்லாத்தையும் மாத்தினோம், அது ஒரு செலவு. சண்டிகர்ல இருக்க எம்டிசிசிங்கற பாக்டீரியா சேமிப்பு மையத்துல இருந்து வந்த கல்ச்சர் மேலயே சந்தேகம் வந்து புது ஆம்ப்யூலுக்கு எழுதினோம், அது வர்ற வரைக்கும் காத்திருப்பு. திரும்பவும் செவப்பு. ஒவ்வொரு தடவையும் ரயில் செலவு, மைக்ரோஸ்கோப் வாடக, டை தீர்ந்துட்டே போகுது. கூட படிச்ச பிள்ளைங்க தீசிஸ் டைப் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ராத்திரி தூக்கம் வராது, எங்கைலதான் எதுவோ சரியில்லன்னு மனசு அடிச்சுக்கும். அம்மா, "மக்ளே, படிப்ப விட்டுட்டு வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீ சாப்பிடு முதல்ல"ன்னு சொல்லுவா, அது கேட்டா இன்னும் அழுக வரும்.

நவம்பர் கடைசில ஒரு பேட்ச், வழக்கம் போல செவப்பு, கொட்டச் சொல்லிட்டாங்க. மறுநாள் கொட்டலாம்னு வந்துட்டேன். நவம்பர் 30, ஓகி புயல். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த நாள சொல்லித் தர வேண்டாம். ரப்பர் மரம், வாழ, கரண்ட் போஸ்ட் எல்லாம் சாஞ்சு ரோடு அடச்சு கெடந்துச்சு, எங்க பக்கம் நாள் கணக்கா கரண்ட் இல்ல. கடலுக்கு போனவங்கள காணோம்னு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் வீடு வீடா அழுக. குழித்துறை ஸ்டேஷன்ல கடற்கர ஊரு சனங்க தண்டவாளத்துல உக்காந்து போராடினாங்க. என்கூட படிச்ச ஒரு பிள்ளையோட மாமா திரும்பி வரவே இல்ல. அந்த நாள்ல கல்ச்சர பத்தி யோசிக்கவே மனசு வரல, யோசிக்கறது தப்புன்னு தோணுச்சு.

ரோடு சரியாகி காலேஜ் தெறந்து போனப்ப ஃப்ரீசர்ல இருந்த சிஎஃப்டிஏ எல்லாம் உருகி வீணா கெடந்துச்சு. அத பாத்து அழக் கூட தெம்பு இல்ல. ஆனா இன்குபேட்டருக்குள்ள கொட்டாம விட்டுட்டு போன பாட்டில் இருந்துச்சுல, அத தெறந்ததும் வாட வேற மாதிரி. வெண்ண நாத்தம் இல்ல, மூக்க அறுக்குற ஒரு சாராய வாட. மாவு பிசிறெல்லாம் கேஸ்ல மேல தூக்கி அப்பறம் அடில படிஞ்ச தடம் பாட்டில் சுவர்ல இருக்கு. எடுத்து சாதா மைக்ரோஸ்கோப்ல பாத்தேன். தடிச்ச சுருட்டு செல்லு, முனைல பளபளன்னு ஸ்போர், ஃபீல்ட் முழுக்க. அயோடின் ஒரு சொட்டு விட்டா செல்லுக்குள்ள கருஞ்செவப்பா ஏறுது, கிரானுலோஸ். செத்துப் போச்சுன்னு எழுதி வச்ச கல்ச்சர், கரண்ட் இல்லாத இன்குபேட்டர்ல, ரூம் சூட்டுலயே தன் வேலைய முழுசா முடிச்சு வச்சிருக்கு. ஜிசிக்கு அனுப்பினோம், லிட்டருக்கு எட்டு கிராம் கிட்ட பியூட்டனால். அந்த பேப்பர கைல வச்சுட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். சந்தோஷமும் கோவமும் ஒண்ணா வந்துச்சு, அப்ப இதுக்கு முன்ன கொட்டினதெல்லாம்?

அதுக்கப்பறம்தான் பிஐ பத்தி தேடி தேடி படிச்சேன். 2007லயே ஒரு ஆய்வு வந்திருக்கு, மண்ணுல, தண்ணில இருக்க சில பாக்டீரியாக்கள் வேகமா வளர்ற கட்டத்துல உயிரோட இருக்கும்போதே கணிசமான செல்லு பிஐல செவப்பாகுது, வளர்ச்சி நின்னதும் அந்த செவப்பு கொறையுதுன்னு. நான் தவிச்சுட்டு இருந்த அதே 2017ல இன்னொரு பேப்பர், மெம்பிரேன்ல மின்னழுத்தம் அதிகமா இருக்க நல்ல செல்லுக்குள்ள பிஐ நுழையும்னு. பிஐ ஒரு பாசிட்டிவ் அயனி, செல்லுக்குள்ள நெகட்டிவ், இழுக்கத்தான் செய்யும். நான் பாத்ததும் அதேதான், செவப்பு அதிகமா வந்தது எல்லாமே இளம் கல்ச்சர்ல, பிஎச் எறங்கிட்டு இருக்க, கேஸ் குமிழி விட்டுட்டு இருக்க நேரத்துல. குமிழி விடுற கல்ச்சர் எப்படி செத்திருக்கும்? இந்த ஒரு கேள்விய எங்க லேப்ல யாரும் கேக்கல, போட்டோ அவ்வளவு தெளிவா செவப்பா இருந்துச்சு.

புது டை வாங்கி திரும்ப தொடங்கினப்ப செஞ்சத வெவரமா சொல்றேன். ஸ்டாக் கல்ச்சருக்கு கவலப்படல, ஸ்போரா வச்சது கரண்ட் இல்லாம எத்தன நாள் கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது, 80 டிகிரி வெந்நில 10 நிமிஷம் வச்சு எடுத்தா முளைச்சு வந்துரும். அப்படி சூடு காட்டுறதுல இன்னொரு நன்மையும் இருக்கு. இந்த பாக்டீரியாவுல பியூட்டனால் செய்ற ஜீன்களும் ஸ்போர் ஆகுற தன்மையும் பிசால்1னு ஒரு பெரிய பிளாஸ்மிட (குரோமோசோமுக்கு வெளிய தனியா இருக்க டிஎன்ஏ வளையம்) நம்பித்தான் இருக்கு, திரும்பத் திரும்ப புது மீடியத்துல மாத்திட்டே இருந்தா அந்த பிளாஸ்மிட் தொலைஞ்சு போன செல்லு பெருகிரும், அது ஆசிட் மட்டும்தான் செய்யும். ஸ்போர் ஆகத் தெரியாத அந்த செல்லு எல்லாம் 80 டிகிரில செத்துரும், நல்லது மட்டும் மிஞ்சும்.

அப்பறம் கன்ட்ரோல். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு நாளும், கட்டாயம். டை போடாத செல்லு ஒண்ணு, பிஐ மட்டும் போட்டது, சிஎஃப்டிஏ மட்டும் போட்டது, 70 சதவீத ஆல்கஹால்ல அரை மணி நேரம் வச்சு வேணும்னே கொன்ன செல்லு ஒண்ணு. கொன்ன செல்லோட செவப்பு எவ்வளவு பிரகாசம்னு பாத்துட்டுத்தான் மத்தத பாக்கணும். கேமராவுல ஆட்டோ எக்ஸ்போஷர ஆஃப் பண்ணிருங்க, இது ரொம்ப முக்கியம், ஆட்டோல விட்டா மங்கின செவப்பையும் அது தூக்கி பளிச்சுன்னு காட்டும், செத்த செல்லும் உயிருள்ள செல்லும் ஒரே மாதிரி தெரியும். அந்த ஆய்வகத்துல மைக்ரோஸ்கோப் பாத்துக்குற சேட்டன்தான் இத காட்டித் தந்தாரு, "மோளே, எல்லா ஃபோட்டோக்கும் ஒரே செகண்ட் வை, அப்பத்தான் கம்பேர் பண்ண முடியும்"னு. கொன்ன செல்லுக்கு ஒரு நேரத்த செட் பண்ணி மத்ததெல்லாம் அதே நேரத்துல எடுத்தப்ப, இளம் செல்லோட செவப்பு பல செல்லுல ரொம்ப மங்கல்னு தெரிஞ்சுது. அதவிட முக்கியம், அதே செல்லு பச்சையாவும் எரிஞ்சுது. ரெண்டு நெறமும் ஒண்ணா. என்சைம் வேல செய்யுது, பச்ச வெளிய ஒழுகல, அப்பறம் எப்படி செத்தது?

சிஎஃப்டிஏவுக்கும் குணம் இருக்கு. அது தர்ற பச்ச, ஆசிட்ல மங்கிரும். நம்ம மீடியம் பிஎச் அஞ்சுக்கு கீழ இருக்கும்போது அப்படியே டை போட்டு பாத்தா, பச்ச இல்லையே செத்துருச்சேன்னு தோணும். அதனால சாம்பிள பிஎச் 7.4 இருக்க பிபிஎஸ்ங்கற உப்பு பஃபர்ல கழுவிட்டுத்தான் டை போடணும். கழுவுறதுல இன்னொரு லாபம், மீடியத்துல இருக்க ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் தானாவே பச்சையா ஒளிரும், அதும் போயிரும். சென்ட்ரிஃபியூஜ மெதுவா சுத்துங்க, ஸ்போர் வைக்கிற தடிச்ச செல்லு முரட்டு சுத்து தாங்காது. மாவு கலந்த சாம்பிளா இருந்தா முதல்ல மெல்லிசு துணில வடிகட்டி, கொஞ்ச நேரம் அடியவிட்டு, மேல தெளிஞ்சத எடுங்க, கெழங்கு நாரு ஃபில்டருக்கு கீழ தானாவே ஒளிரும், அத செல்லுக் கூட்டம்னு எண்ணிராதீங்க. முதல்ல க்ளூக்கோஸ் மீடியத்துல ஒரு பேட்ச் ஓட்டி கண்ண பழக்கிட்டு அப்பறம் மாவுக்கு போறதுதான் என் யோசன. பிஐ மில்லிக்கு சில மைக்ரோகிராம் போதும், கூட போட்டா எல்லாமே செவக்கும். இருட்டுல 15 நிமிஷம், உடனே பாத்துரணும், பச்ச சீக்கிரம் வெளிறும். டை இல்லாம உருவம் பாக்குற ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முதல்ல, பச்ச அடுத்து, செவப்பு கடைசில.

சாம்பிள தூரமா கொண்டு போறவங்க சின்ன பாட்டில்ல கழுத்து வரைக்கும் நெறச்சு, காத்துக்கு எடமே இல்லாம ரப்பர் கார்க் போட்டு கொண்டு போங்க, டைய அங்க போயி போடுங்க. ஆனா கார்க் போட்டு நெறய நேரம் வச்சிராதீங்க, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வந்துட்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். அப்பப்ப ஊசி குத்தி கேஸ விடுங்க, பக்கத்துல நெருப்பு இருக்கவே கூடாது.

ஒழுங்கா கன்ட்ரோல் வச்சு ஒரு பேட்ச ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்தப்ப எனக்கு தெரிஞ்சது இதுதான். தொடக்கத்துல ஸ்போர் எந்த டையும் ஏத்துக்காது, ஃபேஸ்ல மட்டும் பளிச்சுன்னு தெரியும், அதனால டை மட்டும் பாத்தா செல்லே இல்லன்னு நெனைப்போம். முளைச்சு வளர்ற நேரத்துல நீந்திட்டு ஓடுற மெல்லிசு செல்லு, செவப்பும் பச்சையும் சேந்து. பிஎச் அடில போயி நிக்கிற நேரத்துல செவப்பு கொறஞ்சு பச்ச ஏறும். சால்வென்ட் கட்டத்துல (அசிட்டோன், பியூட்டனால் செய்ற ரெண்டாவது கட்டம்) தடிச்ச செல்லு, நல்ல பச்ச. கடைசில பியூட்டனால் சேர சேர பச்ச போயி செவப்பு மட்டும் நிக்கும், அந்த செவப்புதான் உண்மையான சாவு, அதுல மெம்பிரேன் நெசமாவே ஒடஞ்சு கெடக்கு. செவப்பு ரெண்டு தடவ வருது. முதல்ல வர்றதுக்கும் கடைசில வர்றதுக்கும் வித்தியாசம் பச்ச கூட இருக்கா இல்லையாங்கறதுலயும், பிஎச்லயும், செல்லோட உருவத்துலயும்தான் இருக்கு. போட்டோ ஒண்ண மட்டும் தனியா வச்சு தீர்ப்பு சொல்லவே முடியாது. நான் நோட்டுல ஒரே வரிசைல நேரம், பிஎச், குமிழி இருக்கா, வாட எப்படி, உருவம், நீந்துதா, பச்ச, செவப்பு எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சேன், அதுக்கப்பறம் குழப்பமே வரல.

காசு இல்லாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இதுல பாதி வேலைக்கு ஃப்ளோரசன்ஸே வேண்டாம். சாம்பிள் எடுத்த உடனே ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சு நீந்துதான்னு பாருங்க, நீந்துற செல்லுக்கு வேற உயிர் சர்ட்டிஃபிகேட் எதுக்கு? காத்து பட்டு கொஞ்ச நேரத்துல நின்னுரும், அதனால சட்டுன்னு பாக்கணும். லூகால்ஸ் அயோடின் விட்டா கிரானுலோஸ் சேந்திருக்கான்னு தெரியும், கல்ச்சர் சால்வென்ட் பக்கம் போகுதா, இல்ல பிளாஸ்மிட தொலைச்சு ஆசிட்லயே நிக்குதான்னு அதுலயே ஒரு ஊகம் கெடைக்கும். ஆனா மாவு துணுக்கும் அயோடின்ல நீலமா கறுக்கும், அது செல்லுக்கு வெளிய பெருசா உருண்டையா கெடக்கும், கொழப்பிக்காதீங்க. மாலகைட் க்ரீன் போட்டு ஸ்போர் பாக்கலாம், எந்த காலேஜ்லயும் இருக்கும். இதெல்லாம் பாத்து சந்தேகம் வர்ற நேரத்துக்கு மட்டும் ஃப்ளோரசன்ஸ வச்சுக்கிட்டா என்ன மாதிரி வாடகைலயே காசு கரையாது. வசதி இருக்கவங்க ஃப்ளோ சைட்டோமீட்டர்ல பாத்தா ஆயிரக்கணக்குல செல்ல ஒரே நிமிஷத்துல எண்ணலாம், ஆனா அங்கயும் இதே பிஐ, இதே குணம்தான், இளம் செல்ல செத்த கணக்குல தள்ளிரும், கேட் போடும்போது (எது உயிரு, எது செத்ததுன்னு எல்ல பிரிக்கும்போது) கவனமா இருங்க.

டை, வாடக, பயணம், புது கார்க், ஆம்ப்யூல், எக்ஸ்டென்ஷன் ஃபீஸ் எல்லாம் சேத்து அம்பதாயிரத்த தொட்டுது எனக்கு, அதுல பாதிக்கு மேல கொட்டின பேட்சுகளுக்கு போனது. தீசிஸ் ஒரு செமஸ்டர் லேட்டா குடுத்தேன். மேடம்கிட்ட ரெண்டு செவப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டினப்ப அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் அடுத்த பேட்ச் பிள்ளைங்களுக்கு நீயே க்ளாஸ் எடுன்னாங்க, எடுத்தேன். வைவால எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே, ஏழாவது மணி நேரத்துல இவ்வளவு செவப்பு இருக்கே, இந்த கல்ச்சர ஏன் தொடர்ந்து ஓட்டினீங்கன்னுதான். கன்ட்ரோல் போட்டோ, பிஎச் கிராஃப், ஜிசி ரிப்போர்ட் மூணையும் எடுத்து வச்சேன். நீங்களும் அந்த மூணையும் ஒரே தேதில, ஒரே பேட்ச்ல இருந்து எடுத்து வச்சுக்கங்க, வேற வேற பேட்ச்ல இருந்து சேத்து காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. மிச்சமான பிஐ கரைசல சிங்க்ல ஊத்தாம ஆக்டிவேட்டட் சார்கோல் போட்டு வடிகட்டி, அந்த சார்கோல கெமிக்கல் கழிவோட குடுத்துருங்க.